கடற்கரை எல்லாம் இறங்கு

தாழந்துறைக் கடல் தன் இடத்தை விட்டுவிட்டு, சாலை பிரிகிற உப்பள விலக்குக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அதுவரைக்கும் அந்த விலக்கில் இருந்ததெல்லாம் ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், புதிதாக நட்ட ஓர் இரும்புத் தடுப்பு, மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண் மேடாகக் கிடக்கிற தேரி, இவ்வளவுதான். கடலைக் கண்டு யாரும் அலறி ஓடவில்லை. டீக்கடை ஆறுமுகநயினார் பெஞ்சைத் தூக்கி மேட்டில் போட்டுவிட்டு, பால் பொங்கிவிடாமல் அடுப்பைக் குறைத்தார். கடல் எந்த வழியாக வந்தது என்று அன்றைக்கும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. யாரைத் தேடி வந்தது என்றுதான் பேச்சு. அதைச் சொல்ல அமலோற்பவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமலோற்பவம் மினி பஸ் ஓட்டினாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, முன்கண்ணாடியில் மாதா படத்தையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் தொங்கவிட்டு, ரயிலடியில் புறப்பட்டு, சந்தை, ஆஸ்பத்திரி, உப்பள விலக்கு வழியாகக் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருவாள். வண்டியின் பெயர் விடிவெள்ளி. ரயிலிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் தூக்குவாளியும் துண்டுமாக அதில்தான் ஏறுவார்கள். மீன் விற்றுத் திரும்புகிற பெண்கள் காலி அலுமினியச் சட்டிகளோடு அதில்தான் ஏறுவார்கள். லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஏறும்போதெல்லாம் கூரையில் தலையை இடித்துக்கொள்ளும் வெள்ளைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போய்விட்டு வந்த வழியில் சும்மா ஒரு நடை கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள், எல்லாரும் அதில்தான். மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யாருடையது என்று தெரியாமலேயே அதற்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு போவார்கள். காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் விலக்கு வருவதற்குள் என்ன ஊர், என்ன ஆள் என்று விசாரித்து முடித்திருப்பார்கள்.

கண்டக்டர் மீரான். அவருக்கு மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும், விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் ஒற்றைக் காலை வைத்து, "கடற்கரை! எல்லாம் இறங்கு!" என்று கூப்பிடுவார். அந்தச் சத்தத்துக்குக் காகங்கள் எழும்பிப் பறக்கும். அவருக்கு ஊரே பாய் என்றுதான் பெயர் வைத்திருந்தது. அமலோற்பவமும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கடற்கரையில் ஒரு ரிசார்ட் எழும்பியது. நீலமணி என்று பெயர். முதலில் சுவர் வந்தது, பிறகு சுவருக்குள் புல்வெளி வந்தது, புல்வெளிக்குள் தென்னை வந்தது, அதுவும் வேறெங்கோ வளர்ந்து லாரியில் நின்றபடியே வந்த தென்னை. கடைசியில் சாலையை மறித்து விலக்கில் இரும்புத் தடுப்பு வந்தது. இனிமேல் பொதுவண்டிகள் விலக்கோடு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு அப்பால் ரிசார்ட்டின் பேட்டரி வண்டிகள்தான் போகும், அதில் கையில் நீலப் பட்டை கட்டியவர்கள்தான் ஏறலாம் என்று உத்தரவு போட்டார்கள். கரையில் குடியிருக்கிற மீனவர்களுக்கு மட்டும், போனால் போகிறது என்று, தங்கள் வீட்டுக்குத் தாங்களே போய்வர ஓர் அட்டை கொடுத்தார்கள். அமலோற்பவத்தின் புருஷன் செலஸ்டின் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வள்ளத்துக்குப் போய்வந்தான். அவளிடமும் ஒன்று இருந்தது. அவள் அதை அடுப்படியில் தோசைக்கல்லுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

மினி பஸ்களின் போர்டில் இருந்த "கடற்கரை" என்ற எழுத்தை அழிக்கச் சொல்லித் தாலுகா ஊரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் பெயின்ட்டால் அடித்துவிட்டு "உப்பள விலக்கு" என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்ரீ உச்சினி வண்டியின் பால்வண்ணன்தான் முதல் ஆளாக அழித்தான். அவனுக்கும் அமலோற்பவத்துக்கும் ஏற்கெனவே பேச்சு கிடையாது. சந்தைக்குப் பக்கத்தில் யார் வண்டி முந்திப் போவது என்ற சண்டையில் அறுந்த பேச்சு அது.

அதிகாரி விடிவெள்ளிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, வண்டி விலக்கோட நின்னுருது. போர்டுல மட்டும் கடற்கரைன்னு இருக்கு. அழிச்சிருங்க."

"என் வண்டி கடற்கரைக்குத்தான் போவுது சார்."

"போகலையேம்மா."

"போவவிடாம நீங்க நிறுத்திட்டீய. அதுக்கு என் வண்டி என்ன செய்யும்? இறங்குத சனத்துக்கிட்ட கேளுங்க, எங்க போறீயன்னு. ஒருத்தராவது விலக்குக்குப் போறேன்னு சொன்னா நானே அழிச்சிருதேன்."

அதிகாரி ஒரு வாரம் டைம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்றைக்குப் பாசஞ்சர் ரயிலிலிருந்து சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒரு கூட்டமாக இறங்கினார்கள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை, ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகப் பேசிப் பேசி, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்திக்குப் பிள்ளைப்பேறோ காய்ச்சலோ வந்து தள்ளிப்போய், ஒரு வழியாகப் புறப்பட்டு வந்தவர்கள். புளியோதரை கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, விரல் நுனியிலெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறையோடு விடிவெள்ளியில் ஏறி, வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் மாரிக்கனி என்று ஒருத்தி, நல்ல உயரமான பெண், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "யக்கா, கடல் சத்தம் எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கும்? யக்கா, இப்ப கேக்குதே, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அது என் இன்ஜின் சத்தம்மா," என்றாள் அமலோற்பவம்.

விலக்கில் வண்டி நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் காவலாளி கையை ஆட்டினான். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் பாட்டு நின்றுபோனது. சில பெண்கள் சண்டை போட்டார்கள், சிலர் கெஞ்சினார்கள். மாரிக்கனி வண்டியிலேயே உட்கார்ந்து கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறங்க மாட்டேன். கடல் வந்தாத்தான் இறங்குவேன்."

அமலோற்பவம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள். அந்த முகம் அழவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்தபோதும், ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் லைசென்ஸுக்கு வண்டியை எட்டுப்போட்டுக் காட்டியபோதும் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. திரும்பி மீரானைப் பார்த்தாள்.

"பாய், என்ன நிக்கீய? ஸ்டாப் வந்துட்டுல்லா. கூப்பிடுங்க."

"என்னன்னும்மா கூப்பிட?"

"போர்டுல என்ன எழுதியிருக்கோ அதைக் கூப்பிடுங்க."

மீரான் விசிலைப் பையில் போட்டார். ஒற்றைக் காலை வாசலில் வைத்தார். "கடற்கரை! எல்லாம் இறங்கு!" என்றார். வேப்பமரத்துக் காகங்கள் எழும்பின. முதலில் இறங்கிய பெண் படியிலிருந்து காலை வைத்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

மேற்கே தேரி இருந்த இடமெல்லாம் கடல். சும்மா குளம்போலத் தேங்கிய தண்ணீர் இல்லை, ஓரத்தில் நுரையும் நடுவில் நீலமும் தூரத்தில் வானத்தோடு ஒட்டிய கோடுமாக முழுக்கடல். சிப்பி கிடந்தது, நண்டு ஓடியது, பாசி நாற்றம் அடித்தது. சாலைக்குக் கிழக்கே உப்பளங்கள் நனையாமல் அப்படியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் இறங்கி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு அலைக்கு முதுகைக் காட்டி நின்று, விழுந்து, எழுந்து, உப்புத் தண்ணீரைத் துப்பிச் சிரித்தார்கள். மாரிக்கனி கடைசியாக இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, "இவ்வளவு பெருசா இருக்கும்னு எவளும் சொல்லலியே," என்று தன் கூட்டாளிகளைத் திட்டினாள்.

அன்று சாயங்காலம் தாழந்துறைக்காரர்கள் தங்கள் ஆயுசில் பார்க்காத ஒன்றைப் பார்த்தார்கள். கிழக்குக் கரைக்காரர்களுக்குச் சூரியன் கடலில் இருந்து வரத்தான் தெரியும். அன்றைக்கு அது கடலுக்குள் போனது. ஆறுமுகநயினார் கிளாஸைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சிவப்பு அடங்கும்வரை நின்றார். மறுநாளிலிருந்து சாயங்கால டீக்கு வடையும் சேர்த்துப் போட ஆரம்பித்தார்.

ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர அதிக நாள் ஆகவில்லை. பழைய கரையில் கடல் இருந்த இடத்தில் வெறும் மணல்தான் அடிவானம்வரை கிடந்தது. அதில் தரைதட்டி நின்ற வள்ளங்களை டிராக்டரில் ஏற்றி விலக்குக்குக் கொண்டுவந்தார்கள். சாளை மீனும் பாறை மீனும் எப்போதும்போல வலையில் பட்டன, கொஞ்சம் கொழுப்பு கூடுதல் என்று செலஸ்டின் சொன்னான். திருவிழாவில் மாதா சப்பரம் கடலைப் பார்த்துக் கிழக்கே போக வேண்டுமா மேற்கே போக வேண்டுமா என்று கோயில் கமிட்டியில் இரண்டு கட்சி ஏற்பட்டுக் கைகலப்பு வரை போனது. கடைசியில் இரண்டு பக்கமும் போவதென்று முடிவாகி, பாண்டு வாத்தியக்காரர்களுக்கு நாக்குத் தள்ளியது. திருச்செந்தூர்ப் பக்கம் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திக் குளித்துவிட்டுப் போனார்கள். பனையேறிகள் தேரியில் தங்கள் பனைமரங்கள் எங்கே என்று தேடி, அலைக்கு அப்பால் தலை மட்டும் தெரிகிற மரங்களுக்குக் கட்டுமரத்தில் போய்ப் பதனீர் இறக்கினார்கள். அந்தப் பதனீர் துளி உப்புக் கரித்தது. அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

விலக்கு இருந்த இடத்துக்கு யாரும் விலக்கு என்று சொல்லவில்லை. கடற்கரை என்றே சொன்னார்கள். மற்ற மினி பஸ்களும் அங்கேதான் நின்றன. ஆனால் அவற்றின் போர்டில் உப்பள விலக்கு என்று இருந்தது. பால்வண்ணன் போர்டைத் தொடவில்லை. அதிகாரிக்குப் பயம் ஒன்று, அமலோற்பவத்தைப் பார்த்து எழுதினான் என்று ஆகிவிடும் என்ற ரோஷம் ஒன்று.

எல்லாரையும்விட அதிகமாக வந்தவர்கள் ரிசார்ட்டின் விருந்தாளிகள்தான். நீலப் பட்டை கட்டிய கையோடு பேட்டரி வண்டியில் வரிசையாகத் தடுப்புக்கு வெளியே வந்து, மீன் சட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். ரிசார்ட் மேனேஜர் சம்பத் இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை ரயிலடிக்கே வந்து, விடிவெள்ளியின் ஜன்னல் ஓரம் நின்று பணிவாகப் பேசினார். நல்ல மனிதர்தான். அவர் சட்டையில் ஒரு மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, நமக்குள்ள எதுக்கு வருத்தம்? உங்களுக்குன்னு தடுப்பைத் திறந்துவிடுறேன். நேரா எங்க போர்ட்டிகோல வந்து நில்லுங்க. கண்டக்டர் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும். அது போதும். உங்க வண்டிய நாங்களே கான்ட்ராக்ட் எடுத்துக்கிறோம், ஆயுசுக்கும்."

"சனம்?"

"சனம் எதுக்கும்மா? வெறும் வண்டி வந்தா போதும்."

"வெறும் வண்டிய ஓட்டிப் பழக்கமில்ல எனக்கு," என்றாள் அமலோற்பவம். "தள்ளி நில்லுங்க, மீன்காரங்க ஏறணும்."

அந்த வாரமே அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடவே நான்கு போலீஸ்காரர்கள் வந்தார்கள், ஒரு சங்கிலியும் வந்தது. போர்டில் பொய்யான ஊரை எழுதிப் பயணிகளை ஏமாற்றுவதாகக் குற்றம். அமலோற்பவம் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அலை ஓரத்துக்குக் கூட்டிப் போனாள்.

"இது என்ன சார்?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

அதிகாரியின் பூட்ஸ் நனைந்துகொண்டிருந்தது. "என்ன தண்ணியா வேணா இருக்கட்டும்மா. ரெக்கார்டுபடி இந்த இடம் உப்பள விலக்கு. நான் ரெக்கார்டைத்தான் பார்க்க முடியும்."

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பேரூராட்சி வளாகத்தில், உடைந்த குப்பை வண்டிகளுக்கு நடுவில் நிறுத்திச் சங்கிலி போட்டார்கள். மீரான் விசிலோடு தெருவில் நின்றார்.

மறுநாள் காலையில் கடல் இல்லை.

விலக்கில் தேரி பழையபடி சிவந்து கிடந்தது. ஆட்கள் பழைய கரைக்கு ஓடினார்கள். அங்கேயும் இல்லை. விலக்கில் நிறுத்தியிருந்த வள்ளங்கள் செம்மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. காற்றில் உப்பு வாடை போய்விட்டது; அது இருந்தது என்பதே, போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. வாசலில் உணக்கப்போட்ட கருவாட்டைக் கூடப் பூனைகள் மோந்து பார்க்காமல் போயின. சம்பத், அதிகாரியைப் பிடித்து, சங்கிலியைக் கழற்ற வைத்து, விடிவெள்ளியில் ரிசார்ட் ஊழியர்களை ஏற்றி, நல்ல குரல் என்று ஊரிலேயே பெயர் எடுத்த மைக்செட்காரர் ஒருவரைக் கண்டக்டராக்கி, போர்ட்டிகோவில் நிறுத்திக் கூப்பிட வைத்தார். ஊழியர்கள் வரிசையாக இறங்கினார்கள். புல்வெளியில் இறங்கினார்கள். அவ்வளவுதான். வண்டி மறுபடி சங்கிலிக்குப் போனது.

அதற்குப் பிறகு ஊரின் கோபம் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பியது. "ஒரு போர்டு எழுத்து. அதை அழிச்சா வண்டிய விட்டுருவாவ, கடலும் அதோட எடத்துக்கு வந்துரும். அழிச்சுட்டுப் போனா என்ன கொறைஞ்சிருவா?" என்று சந்தையில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள், ஓட்ட வண்டியில்லாததால் விற்கக் கொண்டுவந்திருந்த கருவாட்டு ஓலைப்பெட்டியை நிமிர்த்தித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனாள். வீட்டில் செலஸ்டின் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கடலுக்குப் போகாத மீனவன் வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கை சும்மா இருந்த வலையைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தது.

"அமலி, நான் ஒனக்கு எதுவும் சொன்னதில்ல. நீ டிரைவர் ஆவணும்னு சொன்னப்ப ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல."

"இல்ல. நீங்க சிரிக்கல."

"இப்பக் கேக்கேன். போயி அழிச்சுட்டு வந்துரு. வள்ளம் மண்ணுல கெடக்குத கெடைய என்னால பாக்க முடியல."

அவன் கேட்டு அவள் செய்யாதது என்று அதுவரைக்கும் ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அழிச்சுட்டேன்னே வைங்க. அப்புறம் விலக்குக்குப் போற வண்டி, ரிசார்ட்டுக்குப் போற வண்டி, இதுதான் இருக்கும். கடற்கரைக்குப் போறேன்னு சொல்ல இந்த ஊர்ல ஒரு வண்டிகூட இருக்காது. கடல் திரும்பி வரும்னே வைங்க. யாருக்குன்னு வரும்?"

செலஸ்டின் வலையைக் கீழே வைத்தான்.

"மயிரு வள்ளம்," என்றான். "சோத்தப் போடு."

மறுநாள் காலையில் அவள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஓட்ட வண்டியில்லாமல், ரயிலடிக்கு நடந்து போனாள். வழக்கமாக விடிவெள்ளி நிற்கிற இடத்தில் போய் நின்றாள். பக்கத்தில் மீரான் வந்து நின்றார். பாசஞ்சர் வந்தது. இறங்கியவர்கள், "கடற்கரைக்கு எந்த வண்டி?" என்று கேட்டார்கள். "இங்கனதான், நில்லுங்க," என்று அவள் சொன்னாள். அவளைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். மீன்காரப் பெண்கள் காலிச் சட்டியோடு வந்து நின்றார்கள். லாட்ஜ்காரர்கள் நின்றார்கள். மற்ற மினி பஸ்கள் காலியாக உறுமிக்கொண்டிருந்தன. விலக்குக்கு ஆள் வேண்டும் என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். ஒருவரும் ஏறவில்லை.

வெயில் ஏறியபோது ஸ்ரீ உச்சினியிலிருந்து பால்வண்ணன் இறங்கி வந்தான். அமலோற்பவத்தைப் பார்க்காமல் மீரானைப் பார்த்துப் பேசினான்.

"வே, ஒமக்கு எழுத்து அழகா வருமாமே."

"சுமாரா வரும்."

"பெயின்ட் வாங்கியாந்திருக்கேன். என் போர்டுல எழுதும்."

"என்னன்னு?"

"என்னன்னா கேக்கீரு? பின்ன என் தாத்தா பேரையா எழுதுவாக?" என்று கத்திவிட்டு, வண்டிச் சாவியை அமலோற்பவத்தின் பக்கமாக நீட்டி, அப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். பாத்து மிதிக்கச் சொல்லும்," என்றான்.

மீரான் எழுதி முடித்து நிமிர்வதற்குள் அடுத்த வண்டிக்காரன் பிரஷைப் பிடுங்கினான். பிறகு அதற்கடுத்தவன். எழுத்து கோணியவனும் உண்டு, ற்-ஐ விட்டுவிட்டவனும் உண்டு. பெயின்ட் காயும் முன்பே வண்டிகள் நிரம்பின. உள்ளே, படியில், ஏணியில், கூரையில் என்று ஊரே ஏறிக்கொண்டது. ஆறுமுகநயினார் அன்றைக்கு டீக்கடையைத் திறக்காமல் பாய்லரோடு ஏறினார். செலஸ்டின், ஸ்ரீ உச்சினியின் பின்படியில் தொற்றிக்கொண்டான். அமலோற்பவம் கிளட்சை மிதித்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

விலக்கில் தடுப்பை இறக்கிவிட்டு அதிகாரியும் போலீஸ்காரர்களும் குறுக்கே நின்றார்கள். அமலோற்பவம் பம்பர் அவர்கள் மீது உரசாத தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஒன்று பேரூராட்சி ஆபீஸ் முன்னால் நின்றது. ஒன்று சந்தைக்கு நடுவில், வாழைத்தார் குவியலுக்கும் கோழிக்கடைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நின்றது. கடைசி வண்டி ரயிலடியைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

"திருப்புங்க வண்டிய!" என்றார் அதிகாரி.

அமலோற்பவம் இன்ஜினை அணைத்தாள். "கூப்பிடுங்க பாய்."

மீரான் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த கண்டக்டர் அதைக் கேட்டு அப்படியே கூப்பிட்டான். அவனைக் கேட்டு அவனுக்குப் பின்னால் இருந்தவன் கூப்பிட்டான். "கடற்கரை! எல்லாம் இறங்கு!" என்ற சத்தம் விலக்கிலிருந்து ரயிலடி வரைக்கும் வண்டி வண்டியாகத் தாவிப் போனது. ஊர் இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் கடல் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வந்தது. வார்டில் இருந்த நோயாளிகள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் வந்து கால் நனைத்தார்கள். சந்தையில் வந்தது, வாழைத்தார்கள் மிதந்தன, கோழிகள் கூண்டின் மேல் ஏறி நின்று அலையைத் திட்டின. பேரூராட்சி ஆபீஸில் வந்தது. விடிவெள்ளியின் டயர்களை நனைத்துச் சங்கிலியைத் துருப்பிடிக்க வைத்துத் தின்றது. ரயிலடியில் தண்டவாளத்தை ஒட்டி வந்தது. ஓட்டுநர் ரயிலை நிறுத்திவிட்டு முகம் கழுவினார். எந்த வீடும் இடியவில்லை, ஒரு குழந்தையையும் அலை அடித்துக்கொண்டு போகவில்லை. பண்பான விருந்தாளிபோல எல்லா வாசலிலும் முழங்கால் மட்டோடு நின்றுகொண்டு, உள்ளே கூப்பிட்டால் வருகிறேன் என்கிற மாதிரி அலை அடித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தடுப்பைப் பிடித்தபடி நின்றார். அவர் போனில் மாற்றி மாற்றி ஆட்கள் பேசினார்கள். மாவட்டத்திலிருந்து பேசினார்கள், அதற்கு மேலிருந்தும் பேசினார்கள். நீலமணியில் விருந்தாளிகள் எல்லாம் அறையைக் காலி செய்கிறார்கள் என்று சம்பத் பேசினார். கடைசியில் அதிகாரி போனைப் பையில் போட்டார்.

"தடுப்பத் தூக்குங்கப்பா."

காவலாளி தூக்கினான். பிறகு அதிகாரி தண்ணீரை உழக்கிக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரோடு எல்லாருக்கும் தொறந்தாச்சு. உத்தரவு சாயங்காலத்துக்குள்ள வந்துரும். ஒரே ஒரு விஷயம்மா. இனிமே கடல் அதோட எடத்தவிட்டு எங்கயும் போகாதுன்னு நீங்க ஒரு உறுதி குடுக்கணும். எனக்கு மேல கேப்பாங்க."

"அதை எப்படி சார் நான் குடுக்க முடியும்?"

"சும்மா வாயால சொன்னாக்கூடப் போதும்."

அமலோற்பவம் அவரைப் பார்த்தாள். களைத்துப்போன மனிதர், நனைந்த பூட்ஸ், மூக்குக்கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"சொல்ல மாட்டேன் சார். நாளைக்கு நீங்க மாத்தலாகிப் போயிருவீய. இன்னொருத்தர் வந்து இன்னொரு கம்பிய நடுவாரு. அன்னிக்கு அது எங்க வரணுமோ அங்க வரட்டும்."

சனம் மறுபடி ஏறிக்கொண்டது. வண்டிகள் நகர நகர, கடல் சந்தையிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் பின்வாங்கியது. பேரூராட்சி வளாகத்தில் மட்டும் ஒரு சின்ன அலை போக மனசில்லாமல் தங்கிவிட்டது, இன்றைக்கும் அங்கே மழையில்லாத நாளில் நண்டு பிடிக்கலாம். ஸ்ரீ உச்சினி தடுப்பைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, நீலமணியின் நீளச் சுவரை ஒட்டிப் போய், சாலை முடிகிற இடத்தில், ரிசார்ட் வாசலுக்கு முன்னால் நின்றது. மீரானின் குரல் கம்மிப்போயிருந்தது. கூப்பிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். மணல் முடிகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு எழும்பி, வளர்ந்து, ஓடிவந்து, முதல் வரிசையில் நின்றவர்களின் காலைக் கட்டிக்கொண்டது.

இத்தனை வருஷம் இந்த ரூட்டில் ஓட்டி, ஆயிரக்கணக்கான பேரைக் கடலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். அடுத்த நடைக்கு நேரமாகிவிடும் என்பதால் அமலோற்பவம் ஒரு தடவையும் சீட்டைவிட்டு இறங்கிப் போய்க் கடலில் குளித்ததில்லை. அன்றைக்கு இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டாள். வண்டியைச் சாலைக்கு நடுவில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி, மணலில் நடந்து, சேலையைத் தூக்கிச் செருகாமல், காக்கிச் சட்டையைக் கழற்றாமல், இடுப்பளவு தண்ணீர் வரும்வரை போனாள். ஒரு பெரிய அலை அவளைத் தலைகுப்புறத் தள்ளியது. எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, கடலைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தாள். செலஸ்டின் கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலையில் ரிசார்ட்டுக்குப் போகிற கார்கள் ஸ்ரீ உச்சினிக்குப் பின்னால் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தன. போலீஸ் ஜீப்பும் அடித்தது. பால்வண்ணன் ஓடிவந்து, அலை ஓரத்தில் நின்றுகொண்டு, அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகக் கூப்பிட்டான்.

"ஏம்மா, ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்குது வண்டி. சாவியக் குடு, நானாவது நகத்துதேன்!"

"நிக்கட்டும்!" என்று கத்திவிட்டு அவள் அடுத்த அலைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.